கடலூர் – டெல்லி, குடும்பத்தோடு எகானமியில்: டிக்கெட் போடுறதுல இருந்து பெல்ட்டில் பெட்டி எடுக்கிற வரை

மஞ்சக்குப்பம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி முதல் வாரம் கடலூரிலிருந்து டெல்லி போகணும். நான், மனைவி, தங்கச்சி, அம்மா (72 வயசு, முழங்கால் வலி, படி ஏறச் சிரமம்), பையன் 7 வயசு, பொண்ணு 14 மாசம். யாருக்கும் விமானப் பழக்கம் இல்லை. புதுச்சேரியில் ஏறுறதா, சென்னை போறதா? டிக்கெட்டை எப்படிப் போடணும்? எவ்வளவு சாமான் கொண்டு போகலாம்? குழந்தைக்கும் அம்மாவுக்கும் என்ன ஏற்பாடு செய்யணும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

லாஸ்பேட்டை ரன்வே எழுதியது:

புதுச்சேரியை முதல்ல பார்த்துடுவோம். 2024 மார்ச்சில் நின்னுபோன விமான சேவை, 2024 டிசம்பர் 20-ல் இண்டிகோ மூலமா திரும்ப வந்தது. பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏடிஆர் 72. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான், அதனால ஏ320 மாதிரி ஜெட் இங்க இறங்க முடியாது. ரெண்டு இறக்கையிலும் விசிறி சுத்துற ஏடிஆர்தான். டெல்லிக்கு நேரடி கிடையாது, பெங்களூரிலோ ஐதராபாத்திலோ மாறணும்.

உங்க மாதிரி குடும்பத்துக்கு இதில் பெரிய வசதி ரோடு மிச்சம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, புதுச்சேரி விமான நிலையம் இருக்கிற லாஸ்பேட்டை 30 கிலோமீட்டருக்குள்ள. சின்ன கட்டடம், வாசல்ல இறங்கினா கவுண்டர் எதிரிலேயே இருக்கும். விமானத்துக்கு நடந்தே போயிடலாம், ஏடிஆர் கதவிலேயே படி இருக்கு, நாலஞ்சு படிதான்.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, புதுச்சேரி – பெங்களூர் – டெல்லி முழுசும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் (டிக்கெட் பதிவு எண்) இருக்கணும். அப்பதான் பெட்டிக்கு இங்கேயே டெல்லி வரை டேக் போடுவாங்க, முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவதை விட்டாலும் அடுத்ததில் ஏத்தி அனுப்புறது அவங்க பொறுப்பு. தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டா, ரெண்டாவது டிக்கெட்டைப் பொறுத்தவரை நீங்க வராம போனவங்க. பணம் போயிடும்.

இன்னொண்ணு, ஏடிஆர்ல தலைக்கு மேல இருக்கிற பெட்டி அறை சின்னது. ஏ320-ல் உள்ள போற சக்கரப் பெட்டி இதில் நுழையாது. விமானத்துக்குப் பக்கத்துலேயே வாங்கி டேக் கட்டி சரக்கு அறையில் போட்டுடுவாங்க. பெட்டியைக் கையை விட்டுக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பவர் பேங்க், நகை, அம்மா மாத்திரை, குழந்தை பால் பவுடர் எல்லாத்தையும் வெளிய எடுத்துடுங்க. அதுக்குத்தான் சக்கரப் பெட்டிக்குள்ளயே ஒரு மஞ்சப்பை மடிச்சு வச்சிருக்கணும். அந்த நேரத்துல பின்னாடி வரிசை நிக்கும், தேடிக்கிட்டு இருக்க முடியாது.

---

கெடிலக்கரை எழுதியது:

லாஸ்பேட்டை சார் சொன்னது சரி. ஆனா நாள், நேரம் ஒத்துவரலைன்னா சென்னைதான். சென்னையில் டெல்லிக்கு நேரடி விமானம் நாள் முழுக்க இருக்கு, ரெண்டே முக்கால் மணி நேரம், கொஞ்சம் முன்னப்பின்ன.

ரோடு கணக்கு: கடலூர் – சென்னை விமான நிலையம் சுமாரா 175 கிலோமீட்டர். ஈசிஆர்ல போனா மரக்காணம், மாமல்லபுரம் தாண்டி, துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோடு வழியா ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிக்கலாம். திண்டிவனம் வழின்னா மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம். நாலு மணி நேரம்னு மனசுல வச்சுக்கங்க, குழந்தையும் பெரியவங்களும் இருக்கிறதால ரெண்டு தடவை நிறுத்தணும், அது அரை மணி. மாட்டிக்கிற இடங்கள்: அரியாங்குப்பம் முதல் இந்திரா காந்தி சதுக்கம் வரை, பரனூர் சுங்கச்சாவடி, கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர். ஞாயிறு சாயங்காலமும் திங்கள் காலையும் ஊருக்குப் போயிட்டு சென்னை திரும்புற கூட்டத்தோட நீங்களும் நிப்பீங்க. அந்த ரெண்டு நேரத்துக்கும் டிக்கெட் போடாதீங்க.

பின்னாலிருந்து கணக்கு போடுங்க. விமானம் 2 மணின்னா செக்-இன் கவுண்டர் 1 மணிக்கு மூடும், அதாவது புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன்னாடி. ஏறும் வாசல் 1.35-க்கு மூடும், 25 நிமிஷம் முன்னாடி. குழந்தை, சக்கர நாற்காலி, அஞ்சு பெட்டி இருக்கிற குடும்பம் 11.45-க்கு வாசல்ல நிக்கணும். அப்படின்னா கடலூரிலிருந்து 7 மணிக்கு வண்டி கிளம்பணும். 8-க்குக் கிளம்பினாலும் போய்ச் சேரலாம்தான், ஆனா வழியில ஒரு டயர் பஞ்சர் ஆனா முடிஞ்சது.

பஸ்ஸில் போறவங்க கவனத்துக்கு: 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்ததுக்கு அப்புறம் ஜிஎஸ்டி வழி வர்ற வெளியூர் பஸ் அங்க நின்னுடும். அங்கிருந்து விமான நிலையம் இன்னும் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். ரயில்னா தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். விமான நிலையத்துக்கு நேர் எதிர்ல இறங்குவீங்க. தனி ஆளுக்கு அருமையான வழி. முழங்கால் வலிக்கிற அம்மாவையும் அஞ்சு பெட்டியையும் வச்சுக்கிட்டு திரிசூலம் படிக்கட்டு வேண்டாம். கார் வச்சுக்கங்க.

---

கவுண்டர் நம்பர் 3 எழுதியது:

டிக்கெட் போடுறதுலதான் பாதி பிரச்சினை ஆரம்பிக்குது. பெயரை முதல்ல சொல்லிடுறேன்.

நம்ம ஊர் பெயர் இனிஷியலோட இருக்கும். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம். ஆதாரில் "லட்சுமி சு" ன்னு இருந்தா முதல் பெயர் லட்சுமி, கடைசிப் பெயர் சு. சில தளம் கடைசிப் பெயருக்கு ஒத்தை எழுத்தை ஏத்துக்காது. அப்ப இனிஷியலை விரிச்சு சுப்பிரமணியன்னு போடுங்க. வாசலில் காவலர் பார்க்கிறது டிக்கெட்டில் இருக்கிற ஆளும் அடையாள அட்டையில் இருக்கிற ஆளும் ஒண்ணான்னுதான். இனிஷியல் விரிஞ்சிருந்தா புரிஞ்சுக்குவாங்க. ஆதாரில் "லட்சுமி"ன்னு இருந்து டிக்கெட்டில் வீட்டில் கூப்பிடுற "செல்வி" இருந்தாதான் சிக்கல். கணவர் பெயரை இனிஷியலா மாத்தாம அப்பா இனிஷியலே அட்டையில் இருக்கிற அம்மாமார் நிறைய. அட்டையில் என்ன இருக்கோ அதையே போடுங்க.

எழுத்து தப்பாயிட்டா, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே போட்ட டிக்கெட்டுக்கு 24 மணி நேரத்துக்குள்ள சொன்னா அதே ஆளின் பெயர்த் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்கக்கூடாதுன்னு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற மத்திய அரசு அமைப்பு) விதி இருக்கு. இடைத்தரகு தளங்களில் போட்டா திருத்தம், திருப்பிப் பணம் எல்லாமே அவங்க வழியா சுத்திக்கிட்டு வரும். நூறு இருநூறு தள்ளுபடிக்காக ஆறு பேர் டிக்கெட்டை அங்க போடாதீங்க.

குழந்தை கணக்கு: பயண நாளன்னைக்கு 2 வயசு முடியாதது கைக்குழந்தை. மடியில்தான் உட்காரணும், தனி சீட் இல்லை, அதுக்குன்னு ஒரு கட்டணம் உண்டு. 2 வயசு முடிஞ்சா தனி சீட். போகும்போது 23 மாசம், திரும்பும்போது 2 வயசு ஆயிடும்னா திரும்புற டிக்கெட்டில் சீட் வாங்கியே ஆகணும். உங்க பொண்ணு 14 மாசம், பிரச்சினை இல்லை. ஆனா பிறந்த தேதிக்குச் சான்று கவுண்டரில் கேட்பாங்க. பிறப்புச் சான்றோ தடுப்பூசி அட்டையோ அசலா எடுத்துக்கங்க. பெரியவங்களுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் எதுவும் ஓகே, கைபேசி எம்-ஆதாரும் செல்லும். ஜெராக்ஸ் செல்லாது. பெற்றோரோட வர்ற 7 வயசுப் பையனுக்கு வாசலில் தனி அட்டை கட்டாயமில்லை, இருந்தா கொண்டு வாங்க.

எல்லாரையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்க.

---

வண்டிப்பாளையம் எழுதியது:

கவுண்டர் அண்ணா, கடைசி வரியில மட்டும் எனக்கு ஒத்துப்போகலை. விமானக் கட்டணம் படிப்படியா இருக்கும். மலிவான படியில் 3 சீட்தான் மிச்சம்னு வச்சுக்கங்க. 5 சீட் ஒண்ணாக் கேட்டா, அஞ்சும் கிடைக்கிற அடுத்த படி விலையை அஞ்சு பேருக்குமே போடும். உதாரணத்துக்கு கீழ்ப்படி 5,000, மேல்படி 6,200 ரூபாய்னா, ஒண்ணாப் போட்டா 31,000. 3-ம் 2-மா பிரிச்சா 27,400. முதல்ல 1 ஆள்னு தேடிப் பாருங்க, அப்புறம் 5 ஆள்னு தேடுங்க. தலைக்கு விலை மாறுச்சுன்னா இந்தக் கதைதான் நடக்குது. வித்தியாசம் இல்லைன்னா ஒண்ணாவே போட்டுடலாம்.

---

கவுண்டர் நம்பர் 3 எழுதியது:

தம்பி சொல்ற கணக்கு உண்மைதான், மறுக்கலை. ஆனா பிரிச்சா என்னென்ன போகும்னும் தெரிஞ்சுக்கணும்.

12 வயசு வரைக்கும் பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில் இருக்கிற பெற்றோர் அல்லது பொறுப்பாளர் ஒருத்தர் பக்கத்தில் சீட் கொடுக்கணும்னு 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவு போட்டிருக்கு. பையனை வேற பிஎன்ஆரில் அத்தையோட போட்டுட்டா அம்மா பக்கத்தில் உட்கார வைக்கணும்னு கேட்க முடியாது. அடுத்து பெட்டி எடை. ஒரே பிஎன்ஆரில் இருக்கிறவங்க எடையைச் சேர்த்துக் கணக்கு பார்ப்பாங்க, ஒரு பெட்டி 17, இன்னொண்ணு 12 இருந்தா ஓடிடும். பிஎன்ஆர் வேறன்னா அது நடக்காது. மூணாவதுதான் பெருசு: விமானம் ரத்தாகி வேற விமானத்துக்கு மாத்தும்போது பிஎன்ஆர் வாரியாத்தான் மாத்துவாங்க. பாதிக் குடும்பம் காலையிலும் பாதி ராத்திரியிலும் போக வேண்டி வரலாம்.

பிரிச்சே தீரணும்னா இப்படிப் பிரிங்க: நீங்க, மனைவி, பையன், மனைவி மடியில் பொண்ணு ஒரு பிஎன்ஆர். அம்மாவும் தங்கச்சியும் இன்னொண்ணு. சக்கர நாற்காலிக்கு துணையா போற ஆள் அம்மாவோட அதே பிஎன்ஆரில் இருக்கணும், அது சரியா வரும்.

---

வண்டிப்பாளையம் எழுதியது:

ரத்து விஷயம் யோசிக்கலைண்ணா. ஜனவரியில் டெல்லின்னா பனிமூட்டம் வேற. 3,000 ரூபாய்க்குள்ள மிச்சம்னா ஒரே பிஎன்ஆர்னு நானும் ஒத்துக்கிறேன். பனிமூட்டம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை அதிகாலையிலும் முன்னிரவுக்கு மேலயும்தான் கெட்டியா இருக்கும். டெல்லியில் மதியம் 12-க்கும் சாயங்காலம் 5-க்கும் நடுவுல இறங்குற மாதிரி பாருங்க.

---

சில்வர் பீச் எழுதியது:

பெட்டி. பெரும்பாலான எகானமி டிக்கெட்டில் ஆளுக்கு சரக்கில் 15 கிலோ, கையில் 7 கிலோ. டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், அதைப் பாருங்க. இண்டிகோ உள்நாட்டில் அந்த 15 கிலோ ஆளுக்கு ஒரே உருப்படி. மூணு சின்ன பைன்னு பிரிச்சா கூடுதல் உருப்படிக்குக் காசு. எந்தப் பெட்டியும் தனியா 32 கிலோவைத் தாண்டக்கூடாது, தூக்குறவங்க பாதுகாப்புக்காக.

கைத்தராசு ஒண்ணு வாங்கி வீட்டிலேயே நிறுத்துடுங்க. கொக்கியைப் பெட்டிக் கைப்பிடியில மாட்டித் தூக்கி, முள் ஆடாம நின்னதும் பார்க்கணும். 14-ல் நிறுத்துங்க, 15-ல் இல்லை. கவுண்டர் தராசு அரை கிலோ கூடக் காட்டும்னு வச்சுக்கணும், கடைசி நேரத்தில் ஒரு சால்வையும் உள்ள போகும். எடை கூடும்னு முன்னாடியே தெரிஞ்சா ஆன்லைனில் கூடுதல் எடை வாங்கிடுங்க. கவுண்டரில் கிலோவுக்கு இத்தனைன்னு வாங்குறது ரொம்ப அதிகம்.

டெல்லி குளிருக்கு ஸ்வெட்டர், ஜெர்கின் எல்லாம் எடை அதிகம் இல்லாட்டியும் இடம் அடைக்கும். கனமானதைக் கையில் போட்டுக்கிட்டே ஏறிடுங்க.

பவர் பேங்க் சரக்குப் பெட்டியில் போகவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடிச்சா மேலே ஆள் கையில் இருந்தாத்தான் அணைக்க முடியும், கீழே சரக்கு அறையில் யாரும் இல்லை. 100 வாட்-அவர் வரை கையில் அனுமதி. 10,000 எம்ஏஹெச்னா 37 வாட்-அவர், 20,000-ன்னா 74. முதுகில் அச்சிட்ட எண் அழிஞ்சுபோயிருந்தா பிடுங்கிடுவாங்க. தலைக்கு மேல வைக்காம கண் படுற இடத்தில் வச்சுக்கங்க.

---

பண்ருட்டி முந்திரி எழுதியது:

டெல்லிக்குப் போறவங்க கையில் நம்ம ஊர் சாமான் இல்லாம இருக்காது. அதைச் சொல்றேன்.

முந்திரி, முறுக்கு, அதிரசம், புளியோதரை, இட்லிப் பொடி தடவிய இட்லி எல்லாம் கையிலேயே போகலாம். ஆனா தனி மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, காரமான ஊறுகாய் கைப்பையில் வேண்டாம். கண்ணில் தூவக்கூடியதுன்னு சோதனையில் நிறுத்துவாங்க. சரக்குப் பெட்டியில் போடுங்க. ஊறுகாய் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வச்சு இறுக்கி, ரெண்டு உறை போட்டு, துணிக்கு நடுவுல. மேலே போகப் போகக் காத்தழுத்தம் குறையும், பாட்டிலுக்குள்ள இருக்கிற காத்து விரியும், எண்ணெயை வெளிய தள்ளும். உள்ள காத்துக்கு இடமே விடலைன்னா தள்ளுறதுக்கு ஒண்ணும் இல்லை.

கருவாடு: விதியில் சரக்குப் பெட்டியில் போகலாம், ஆனா வாசனை வெளிய வந்தா கவுண்டரில் மறுக்கலாம். கடலூர் முதுநகர் கடையில் கட்டிக் கொடுக்கிற காகிதப் பொட்டலம் போதாது. காத்துப் புகாத டப்பா, அது மேல டேப். பழுத்த பலாவும் அப்படித்தான், முழுசா கொண்டு போகாதீங்க. சுளையெடுத்து டப்பாவில் அடைச்சாலும் வாசனை வந்துடும். பலா சிப்ஸ் வாங்கிட்டுப் போங்க.

கோயில் சாமான்: கற்பூரம் எரியும் திடப்பொருள் வகை, கையிலயும் கூடாது, சரக்கிலயும் கூடாது. தீப்பெட்டி, லைட்டரும் அதே. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ச் சத்து அதிகம், தானே சூடேறும், அதனால சரக்கில் தடை. முழுத் தேங்காய் கைப்பையில் கூடாது. ஐயப்ப பக்தர்களின் இருமுடிக்கு மட்டும் 2024 அக்டோபர் கடைசியிலிருந்து 2025 ஜனவரி 20 வரை, சோதனைக்கு அப்புறம் கையில் கொண்டு போகலாம்னு சலுகை கொடுத்தாங்க. அது அந்தக் காலத்துக்கு மட்டும், எல்லாருக்கும் பொதுவில்லை.

அரிவாள்மனை, கத்தி, கத்தரி, முறுக்கு அச்சு எல்லாம் சரக்குப் பெட்டியில்.

---

முத்தியால்பேட்டை எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. புதுச்சேரியில் வாங்கின பாட்டில் ரெண்டு டெல்லி சொந்தக்காரருக்குக் கொண்டு போகலாமா? சென்னை வழியா போறோம்.

---

கெடிலக்கரை எழுதியது:

வேண்டாம். விமான விதி ஒண்ணு, மாநிலச் சட்டம் வேற. 24-லிருந்து 70 சதவீதம் ஆல்கஹால் உள்ளதை, கடை முத்திரை உடையாம, ஆளுக்கு 5 லிட்டர் வரை சரக்குப் பெட்டியில் விமானம் ஏத்துக்கும். ஆனா புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள்ள அதைக் காரில் கொண்டு வர்றதே மதுவிலக்குச் சட்டப்படி குத்தம். கோட்டக்குப்பம், மரக்காணம் பக்கம் சோதனை இருக்கும். குடும்பத்தோட போற வண்டியை நிறுத்தி வழக்குப் போட்டா விமானமும் போச்சு, வண்டியும் போச்சு.

---

திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

குழந்தை விஷயம் நான் எழுதுறேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

காது வலி ஏறும்போதை விட இறங்கும்போதுதான் வரும். இறங்குறதுக்கு சுமார் 25, 30 நிமிஷம் முன்னாடியே விமானம் கீழ வர ஆரம்பிச்சுடும். இன்ஜின் சத்தம் தணியும், மூக்கு லேசா சாயும், அறிவிப்பு வரும். அப்பவே குழந்தையை எழுப்பிடுங்க. தூங்குற குழந்தை அதிகம் விழுங்காது, விழுங்கினாத்தான் காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். தாய்ப்பாலோ பாட்டிலோ, எது பழக்கமோ அது. ஒரே மூச்சில் கொடுத்து முடிச்சுடாம, கொஞ்சம் கொஞ்சமா தரை தொடுற வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போங்க. அதனால ஏறினவுடனே வயிறு முட்டக் கொடுக்காதீங்க, இறங்கும்போது குடிக்கப் பசி இருக்கணும். 7 வயசுப் பையனுக்குக் கடலை மிட்டாய் ஒண்ணு. சளி, காதில் சீழ் இருந்தா முன்கூட்டியே டாக்டரைப் பார்த்துடுங்க.

மடியில் வைக்கிற முறை: விமானப் பணியாளர் ஒரு சின்ன பெல்ட் கொடுப்பாங்க. அதில் ஒரு வளையம் இருக்கும், அம்மா பெல்ட்டை அந்த வளையத்துக்குள்ள விட்டுப் பூட்டணும். அப்புறம் சின்ன பெல்ட்டைக் குழந்தை வயித்தைச் சுத்திப் பூட்டணும். பெரிய பெல்ட்டுக்குள்ளயே ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டக்கூடாது, திடீர்னு நின்னா அம்மா எடை முழுசும் குழந்தை மேல விழும்.

ஸ்ட்ரா வச்ச தண்ணி பாட்டில் பிள்ளைங்க கையில் இருக்கும். தரையில் மூடினது மேலே போய்த் திறந்தா, உள்ள விரிஞ்ச காத்து தண்ணியை ஸ்ட்ரா வழியா எதிர் சீட் வரைக்கும் பீச்சும். திருகு மூடியைக் கால் சுத்து தளர்த்தி, புஸ்ஸுன்னு காத்து போனதும் ஸ்ட்ராவைத் திறங்க.

டயப்பரை ஏறுறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. ஏ320-ல் கழிவறைக்குள்ள மடக்குப் பலகை இருக்கும், ஏடிஆர் கழிவறையில் ஆள் திரும்பவே இடம் பத்தாது. கையில் வச்சுக்க வேண்டியது: பயண மணிக்கு ஒண்ணு வீதம் டயப்பர், அதுக்கு மேல ரெண்டு. ரெண்டு மாத்துத் துணி, அம்மாவுக்கும் ஒரு மாத்துச் சட்டை. தாமதம் மூணு மணி நேரம் ஆனாலும் தாங்கற அளவு பால் பவுடர். பால், குழந்தை உணவு, வெந்நீர் பிளாஸ்க் சோதனையில் விடுவாங்க, திறந்து காட்டச் சொன்னா காட்டணும்.

தள்ளுவண்டி இருந்தா மடிக்கிற வகையா இருக்கட்டும். டேக் போட்டு விமான வாசல் வரை தள்ளிக்கிட்டுப் போகலாம், அங்க வாங்கிக்குவாங்க. இறங்குற இடத்தில் வாசலில் தருவாங்களா பெல்ட்டில் வருமான்னு கொடுக்கும்போதே கேட்டுடுங்க.

---

மஞ்சக்குப்பம் எழுதியது:

ரொம்ப நன்றிக்கா. சீட் எப்படிப் பிடிக்கிறது? காசு கட்டணுமா?

---

கவுண்டர் நம்பர் 3 எழுதியது:

கட்டாயம் இல்லை. வெப் செக்-இன் 48 மணி நேரம் முன்னாடி திறக்கும், திறந்த உடனே உள்ள போங்க. படத்தில் காட்டுற சீட்டுக்கெல்லாம் விலை இருக்கும், இலவச சீட்டையும் தானாக ஒதுக்குறதையும் பொறுமையாத் தேடணும். பையனுக்கு ஒரு பெற்றோர் பக்கத்தில் சீட் கிடைக்கணும், அது சிதறினா கவுண்டரில் கேளுங்க, விதி உங்க பக்கம்.

ஏ320 ரெண்டு பக்கமும் மூணு மூணு சீட். ஏ, எஃப் ஜன்னல். சி, டி நடைபாதை. உங்களுக்கு: ஜன்னலில் பையன், நடுவில் நீங்க, நடைபாதையில் மனைவியும் மடியில் குழந்தையும். எதிர்ப்பக்கம் நடைபாதையில் அம்மா, அடுத்து தங்கச்சி. அம்மாவுக்கு நடைபாதை சீட்தான் வேணும், காலை நீட்டலாம், எழுந்திருக்கச் சிரமம் இல்லை.

ஒரு பக்கத்து மூணு சீட்டில் ரெண்டு கைக்குழந்தை உட்கார விடமாட்டாங்க. மேலே ஒவ்வொரு மூணு சீட்டுக்கும் நாலு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். அவசர வழி வரிசையில் குழந்தையோ முதியவரோ கூடாது. அதுக்கு முன்வரிசை சீட் பெரும்பாலும் பின்னால சாயாது, கால் வலிக்கிறவங்களுக்குத் தவிர்த்துடுங்க.

சக்கர நாற்காலி: டிக்கெட் போடும்போதே கேட்டுடுங்க, குறைந்தது 48 மணி நேரம் முன்னாடி பதிவா இருக்கணும். சென்னையில் வாசலுக்கு வந்ததும் விமான நிறுவன கவுண்டரில் சொல்லி ஆள் வர்ற வரைக்கும் அம்மாவை உட்கார வச்சிருங்க. கூட ஒருத்தர் அதே வரிசையில் போகலாம், அது தங்கச்சியா இருக்கட்டும். இறங்கும்போது நாற்காலிக்காரங்க கடைசியாத்தான் இறங்குவாங்க. டெல்லியில் கார் பிடிக்கிறவங்க அந்த இருபது நிமிஷத்தையும் சேர்த்துக்கணும். வாசலை விமானத்தோடு இணைக்கிற பாலம் இல்லாம பஸ்ஸில் கூட்டிப்போய்ப் படியில் ஏத்துற நாளும் உண்டு. அம்மாவால் படி ஏற முடியாதுன்னு பதிவிலேயே தெளிவாச் சொல்லிட்டா தூக்கி வண்டி ஏற்பாடு பண்ணுவாங்க. "நடக்கக் கஷ்டம்" னு மட்டும் சொன்னா படி வரைக்கும்தான் நாற்காலி வரும்.

---

லாஸ்பேட்டை ரன்வே எழுதியது:

தாமதம், ரத்து பத்தியும் சொல்லிடறேன். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்ப சென்னை விமான நிலையத்தையே மூடிட்டாங்க. அதுக்கடுத்த நாட்களில் விழுப்புரம் பக்கம் வெள்ளத்தில் நெடுஞ்சாலையும் ரயிலும் நின்னுது. அக்டோபர் – டிசம்பரில் போறவங்க முந்தின நாளே சென்னை பக்கம் போய்த் தங்குறது நல்லது. ஜனவரியில் நம்ம பக்கம் அந்தக் கவலை குறைவு.

விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டியது: சென்னை – டெல்லி பயண நேரம் ரெண்டரை மணிக்கு மேல, அதனால 3 மணி நேரத் தாமதத்திலிருந்து சாப்பாடு கொடுக்கணும். பெங்களூர் மாதிரி குறைந்த தூரத்துக்கு 2 மணி நேரம். 6 மணி நேரத்துக்கு மேல தாமதம்னா மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேணும்னு தேர்ந்தெடுக்கிறது நீங்க. மழை, பனி காரணம்னா கூடுதல் இழப்பீடு கிடைக்காது, ஆனா பணத்தைத் திருப்பித் தர்றதுல மழையைக் காரணம் காட்ட முடியாது. நீங்களே போகாம விட்டாலும் அரசு வரியும் பயனர் மேம்பாட்டுக் கட்டணமும் திரும்பிக் கிடைக்கும், கேட்டு வாங்கணும். பதில் சரியா வரலைன்னா மத்திய அரசின் ஏர்சேவா புகார் தளத்தில் பிஎன்ஆரோட புகார் போடுங்க.

---

சில்வர் பீச் எழுதியது:

டேக் பத்தி யாரும் சொல்லலை. கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டுற நீளக் காகிதத்தில் பெருசா மூணு எழுத்து இருக்கும். டெல்லிக்கு டி.ஈ.எல். பெட்டி பெல்ட்டில் நகர்றதுக்கு முன்னாடி அந்த மூணு எழுத்தைப் படிச்சுடுங்க. புதுச்சேரியில் ஏறி பெங்களூரில் மாறினாலும் கடைசி ஊர் டி.ஈ.எல். தான் பெருசா இருக்கணும், பி.எல்.ஆர். மட்டும் இருந்தா பெட்டி பெங்களூரிலேயே இறங்கிடும். அப்பவே திருத்தச் சொல்லுங்க. பெட்டியில் ஒட்டியிருக்கிற பழைய டேக்கைக் கிழிச்சுடுங்க, ஸ்கேனர் அதைப் படிச்சு வேற ஊருக்கு அனுப்பிடும். உங்க கையில் கொடுக்கிற சின்னத் துண்டுகளைப் பெட்டிக்கு ஒண்ணா எண்ணிப் பார்த்து, போர்டிங் பாஸ் பின்னால ஒட்டிக்கங்க.

டெல்லியில் பெல்ட்டில் பெட்டி வரலைன்னாலோ சக்கரம் உடைஞ்சிருந்தாலோ அந்த ஹாலை விட்டு வெளிய வராதீங்க. பக்கத்துலயே சாமான் கவுண்டர் இருக்கும், அங்க பி.ஐ.ஆர். புகாரை எழுதி எண் வாங்கிட்டு வாங்க. வெளிய வந்துட்டா அந்த உடைசல் எங்க நடந்ததுன்னு நிரூபிக்கிறது கஷ்டம்.

திரும்பும்போது டெல்லியில் எந்த டெர்மினல்னு போர்டிங் பாஸில் பார்த்துட்டுத்தான் டாக்சி ஏறணும். அங்க 1, 2, 3-ன்னு மூணு இருக்கு, ஒண்ணாம் நம்பர் மத்த ரெண்டுக்கும் தள்ளித் தனியா இருக்கு, நடந்து போக முடியாது. சென்னையிலும் உள்நாட்டுக்கு 1, 4-ன்னு ரெண்டு. கூட்டிட்டுப் போக வர்ற கார் டிரைவருக்கு டெர்மினல் நம்பரையும் பெட்டி எண்ணிக்கையையும் முந்தின ராத்திரியே அனுப்பிடுங்க. ஆறு பேர், அஞ்சு பெட்டி, ஒரு தள்ளுவண்டி சின்ன காரில் அடங்காது. மேலே கேரியர் வச்ச வண்டி சொல்லி வைங்க.